அணுமின் நிலைய உரிமம் புதுப்பித்தல்: ஊர் மக்களின் ஆதரவு எந்த இடத்தில் கணக்கில் சேர்கிறது?

கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில், பசிபிக் கடலை ஒட்டிய குன்றுகளின் அடிவாரத்தில் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் இரண்டு உலைகளின் உரிமக் காலமும் 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் முடிவதாக இருந்தது. நிலையத்தை மூடப்போவதாக 2016-இல் அறிவித்த பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம், மாநில அரசு மனம் மாறிய பிறகு, 2023 நவம்பரில் உரிமத்தைப் புதுப்பிக்கக் கோரி விண்ணப்பித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களும் பெற்றோர்களும் வணிகர்களும் சூழலியல் ஆர்வலர்களும் பொதுக்கூட்டங்களில் எழுந்து பேசினார்கள். சிலர் ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு ஒரு படம் மனத்தில் தோன்றுகிறது. ஊர் கூடுகிறது, கைகள் உயர்கின்றன, ஆதரவுக் கைகள் அதிகமாக இருந்தால் உரிமம் கிடைக்கிறது என்பதே அந்தப் படம். இது தவறான படம். ஊரின் ஆதரவுக்கு மதிப்பே இல்லை, எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது என்ற எதிர்ப்படமும் அதே அளவு தவறானது. ஆதரவு உண்மையிலேயே செயல்படுகிறது. ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அது செயல்படுவதில்லை. எந்த இடத்தில், எப்படி என்பதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

நாற்பது ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கினால், அதன் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதினைந்தாம் ஆண்டின் கடைசி நாள் இரவில் அந்தக் கார் பழுதாகி நின்றுவிடுவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்று, சோதனைக்குக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்கிறோம். பதினைந்து என்பது நிர்வாகம் வைத்த எல்லை. அந்த நாளில் காரின் உண்மையான நிலை என்ன என்பது, அதை எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க அணு உலைகளின் நாற்பது ஆண்டும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். 1954-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், வணிக உலைகளுக்கு அதிகபட்சம் 40 ஆண்டு உரிமம் வழங்கலாம் என்றும், அதைப் புதுப்பிக்கலாம் என்றும் சொன்னது. போட்ட முதலீட்டை மீட்கத் தேவைப்படும் காலம், ஒரே நிறுவனம் சந்தையை முழுமையாகக் கைப்பற்றிவிடக் கூடாது என்ற கவலை ஆகியவற்றை வைத்தே அந்த எண் முடிவானது. எஃகும் காங்கிரீட்டும் எத்தனை காலம் தாங்கும் என்ற பொறியியல் கணக்கிலிருந்து அது பிறக்கவில்லை. ஆகவே "ஆயுள் முடிந்த உலையை ஓட்டுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டும், "நாற்பது ஆண்டு ஓடியதே பாதுகாப்புக்குச் சான்று" என்ற வாதமும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். பிரான்சில் உலைகளுக்கு இப்படி முடிவுத் தேதி குறிக்கும் வழக்கமே இல்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு நடத்தித் தொடர அனுமதிப்பது அங்குள்ள முறை.

அமெரிக்காவில் உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. இது கூட்டாட்சி அரசின் அமைப்பு. இனி இதை ஆணையம் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ஒரு முறை புதுப்பித்தால் அதிகபட்சம் 20 ஆண்டு கூடும். மேரிலாந்து மாநிலத்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ் நிலையம் 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக இப்படிப் புதுப்பிக்கப்பட்டது. அதன் பின் பெரும்பாலான அமெரிக்க உலைகள் அதே வழியில் சென்றுவிட்டன.

உலையில் எது முதுமை அடைகிறது?

பழைய பேருந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பிரேக் கட்டையை மாற்றுகிறோம். என்ஜினைக்கூட இறக்கி வேலை பார்த்து ஏற்றுகிறோம். ஆனால் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அடிச்சட்டத்தை, சேசிஸ் என்று பட்டறையில் சொல்வதை, யாரும் மாற்றுவதில்லை. அதில் துரு ஏறினாலோ விரிசல் விட்டாலோ பேருந்தின் கதை முடிந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உரிமப் புதுப்பிப்பின் தொழில்நுட்பப் பகுதி பெரும்பாலும் விளங்கிவிடும்.

அணுமின் நிலையத்தில் பம்பு, மோட்டார், வால்வு போன்று இயங்கும் உறுப்புகள் ஏராளமாக உள்ளன. அவை இயங்குகின்றனவா இல்லையா என்பது அன்றாடச் சோதனையிலேயே தெரிந்துவிடும். பழுதானால் சரிசெய்கிறார்கள் அல்லது மாற்றுகிறார்கள். அவற்றுக்கான பராமரிப்பு விதிகள் உரிமக் காலம் முழுவதும் நடைமுறையில் இருப்பதால், புதுப்பிக்கும்போது ஆணையம் அவற்றின் மேல் கண்ணை வைப்பதில்லை. அதன் கவனமெல்லாம் அசையாமல் நீண்ட காலம் நிற்கும் பாகங்களின் மேல்தான்: உலையின் அழுத்தக் கலன், குழாய்கள், காங்கிரீட் கட்டுமானங்கள், மின்கம்பிகளின் உறைகள்.

அழுத்தக் கலன் என்பது, அணு எரிபொருளும் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் வைக்கப்பட்ட வெந்நீரும் அடங்கியிருக்கும் தடித்த எஃகுப் பாத்திரம். அதை மாற்றுவது நடைமுறையில் இயலாது. உலை ஓடும்போது எரிபொருளிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் அந்த எஃகைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. இதனால் எஃகு தன் நெகிழ்ச்சியைச் சிறிது சிறிதாக இழந்து, வளைந்து கொடுப்பதற்குப் பதிலாக விரிசல் விடும் இயல்பைப் பெறுகிறது. இதற்கு நொறுங்குதன்மை என்று பெயர். எத்தனை தூரம் இழந்திருக்கிறது என்பதை அறிய, கலன் செய்யப்பட்ட அதே எஃகின் சிறு துண்டுகளை உலைக்குள் வைத்து, குறித்த கால இடைவெளியில் எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். டயாப்லோ கேன்யனின் முதல் உலையில் இந்தச் சோதனை போதுமான அளவு நடந்ததா என்பது எதிர்ப்பாளர்கள் எழுப்பிய முக்கியமான கேள்விகளுள் ஒன்று. என் பார்வையில் அது வெறும் அச்சத்தின் கூக்குரல் அல்ல. சரியான பாகத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட சரியான வகைக் கேள்வி.

இப்படி ஒவ்வொரு நிலையான பாகமும் எவ்விதம் முதுமை அடையும், அதை எப்படிக் கண்டுபிடிப்போம், கண்டால் என்ன செய்வோம் என்று எழுதி, அதன்படி நடந்து காட்டும் ஏற்பாட்டுக்கு முதுமை மேலாண்மை என்று பெயர். விண்ணப்பத்தின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: நாற்பது ஆண்டு என்பது சட்டம் வைத்த எல்லை. புதுப்பிக்கும்போது ஆணையம் கேட்கும் பாதுகாப்புக் கேள்வி, மாற்ற முடியாத பாகங்களின் முதுமையை அடுத்த இருபது ஆண்டுக்கும் கட்டுக்குள் வைத்திருக்க முடியுமா என்பது. அந்தக் கேள்விக்கு ஊரின் ஆதரவோ எதிர்ப்போ விடையாக முடியாது. ஊரே விரும்பினாலும் எஃகின் நொறுங்குதன்மை குறையாது.

எஃப்.சி. வேறு, பெர்மிட் வேறு

பேருந்து உவமையை இன்னும் சற்று நீட்டிக்கொள்கிறேன், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒரு தனியார் பேருந்து சாலையில் ஓட வேண்டுமானால் இரண்டு தாள்கள் தேவை. ஒன்று எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. பிரேக் பிடிக்கிறதா, சேசிஸ் உறுதியாக உள்ளதா என்று ஆய்வாளர் பார்த்துக் கொடுப்பது அது. மற்றொன்று பெர்மிட். இந்த வழித்தடத்தில் பேருந்து தேவையா, எத்தனை நடை ஓடலாம் என்று முடிவு செய்து கொடுப்பது அது. பிரேக்கைச் சோதிக்கும் ஆய்வாளரிடம் போய், "இந்தப் பேருந்தை நம்பித்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்" என்று கிராமமே திரண்டு சொன்னாலும் பிரேக்கின் தரம் மாறாது. அதே சொற்கள் பெர்மிட் வழங்கும் இடத்தில் மிகுந்த எடை பெறும்.

அமெரிக்காவில் அணுமின் நிலையத்தின் எஃப்.சி. கூட்டாட்சி ஆணையத்தின் கையில் இருக்கிறது. பெர்மிட் மாநிலத்தின் கையில் இருக்கிறது. கதிரியக்கப் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. மின்சாரம் தேவையா, அதன் விலை தகுமா, நிலத்தையும் நீரையும் எப்படிப் பயன்படுத்துவது என்பவை மாநிலத்தின் அதிகாரத்தில் அடங்கும். இந்தப் பிரிவினையை 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது. அணுக்கழிவை நிரந்தரமாக அகற்ற வழி பிறக்கும் வரை புதிய அணுமின் நிலையம் கட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா 1976-இல் சட்டம் இயற்றியிருந்தது. அது பொருளாதாரக் காரணத்தின் மேல் நிற்கும் சட்டம் என்பதால் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தது டயாப்லோ கேன்யனின் உரிமையாளரான அதே நிறுவனம்.

ஆணையமும் இந்த எல்லைக்குள்ளேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. புதுப்பிப்பு உரிமம் வழங்கினால், "நீங்கள் ஓட்டலாம்" என்றுதான் பொருள். "ஓட்டுங்கள்" என்று அது சொல்வதில்லை.

பொதுக்கூட்டத்தில் சொன்ன சொல் எங்கே போகிறது?

அப்படியானால் ஆணையம் எதற்காக ஊர் ஊராகக் கூட்டம் நடத்துகிறது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடை, பாதுகாப்பு ஆய்வுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு ஆய்வில் இருக்கிறது. அதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வு என்று பெயர். நிலையம் மேலும் இருபது ஆண்டு ஓடினால் நீர், மீன், காற்று, மக்கள் ஆகியோருக்கு என்ன ஆகும், ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும் என்பது தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் கட்டளை. எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு முறையும், வரைவு அறிக்கை வந்த பிறகு இன்னொரு முறையும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். டயாப்லோ கேன்யனுக்கு முதல் சுற்று 2024-இன் தொடக்கத்தில் நடந்தது. இறுதி அறிக்கை 2025 ஜூனில் வெளியானது.

மக்கள் சொன்ன ஒவ்வொரு கருத்தும் பதிவாகிறது, வகை பிரிக்கப்படுகிறது, அறிக்கையின் பின்னிணைப்பில் பதிலும் தரப்படுகிறது. "நான் இந்த நிலையத்தை ஆதரிக்கிறேன்" என்றோ "எதிர்க்கிறேன்" என்றோ மட்டும் சொல்லும் கருத்து, பொதுவான ஆதரவு அல்லது பொதுவான எதிர்ப்பு என்ற வகையில் சேர்கிறது. அதில் புதிய தகவல் எதுவும் இல்லை என்பதால் மேற்கொண்டு ஆராயப்படவில்லை என்ற ஒரே பதில் அந்த வகை முழுவதற்கும் கிடைக்கிறது. இருநூறு பேர் வரிசையில் நின்று தலைக்கு மூன்று நிமிடம் மனமுருகப் பேசியிருந்தாலும் பதில் அதுதான். அங்கே எண்ணிக்கை கணக்கில் சேர்வதில்லை. புதிய தகவல்தான் கணக்கில் சேர்கிறது.

இதை அறியாமல் வீடு திரும்பும் மக்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டு வந்து பேசியவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்: "நிலையம் மூடினால் எங்கள் வட்டாரப் பள்ளிகளின் வருவாயில் இத்தனை பங்கு குறையும், அதற்கான வரவு செலவுத் தாள் இதோ" என்று சொல்வது, ஓடாவிட்டால் என்ன ஆகும் என்ற பகுதியில் நேரடியாகச் சேரும். "குளிர்விப்புக் குழாயின் வாயிலில் இந்த வகை மீன்களை நாங்கள் இத்தனை ஆண்டாகக் கவனித்து வருகிறோம்" என்ற மீனவரின் குறிப்பும் அப்படியே சேரும்.

டயாப்லோ கேன்யனில் மீன் பேச்சு சாதாரணப் பேச்சு அல்ல. உலையின் நீராவியைக் குளிர்விக்க நாளொன்றுக்குச் சுமார் 250 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 950 கோடி லிட்டர் கடல்நீர் உள்ளே இழுக்கப்பட்டு, சுமார் 11 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டோடு திரும்பக் கடலில் விடப்படுகிறது. அந்த நீரோடு சேர்ந்து மீன் குஞ்சுகளும் முட்டைகளும் உள்ளே போய் அழிகின்றன. இது சுற்றுச்சூழல் ஆய்வின் மையமான பொருள்களுள் ஒன்று.

ஆனால் அந்த ஆய்வின் இறுதிக் கேள்வி எவ்வளவு குறுகியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்சாரத் திட்டமிடுவோர் விரும்பினால் தேர்ந்தெடுப்பதற்கு இந்த நிலையம் ஒரு வாய்ப்பாக இருக்கட்டும் என்று விட்டுவைப்பதே நியாயமற்றது என்னும் அளவுக்குச் சுற்றுச்சூழல் கேடு பெரியதா? இல்லை என்றால் ஆய்வு தடை சொல்லாது. இந்த மின்சாரம் தேவையா என்ற கேள்வியை ஆணையம் மாநிலத்திடம் விட்டுவிடுகிறது.

கருத்துச் சொல்வதற்கும் மேலாக, வழக்கு போன்ற இன்னொரு வழியும் உண்டு. பாதிக்கப்படக்கூடியவர்கள் விசாரணை கோரி, குறிப்பிட்ட குறைகளை ஆதாரத்தோடு எழுப்பலாம். அணுப் பாதுகாப்பு மற்றும் உரிம வாரியம் என்ற தீர்ப்பாயம் அவற்றை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும். 1970-களிலிருந்து டயாப்லோ கேன்யனை எதிர்த்து வாதாடிவரும் 'மதர்ஸ் ஃபார் பீஸ்' என்ற தாய்மார்களின் அமைப்பு, வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2024-இல் இவ்வழியில் சென்றது. நிலநடுக்க ஆபத்து, அழுத்தக் கலனின் நொறுங்குதன்மை, கடற்கரைச் சட்டம் ஆகியவை பற்றி அவர்கள் எழுப்பிய குறைகளை வாரியம் விசாரணைக்கு ஏற்கவில்லை. குறைகளை ஏற்பதற்கு வைத்திருக்கும் தகுதி வரம்பு மிக உயரமானது என்பது என் கருத்து. பொறியாளரும் வழக்கறிஞரும் துணைக்கு இல்லாத எளிய மக்கள் அதைத் தாண்டுவது அரிது.

மறுபடியும் ஒரு சிறு தொகுப்பு: பாதுகாப்பு ஆய்வில் மக்களின் விருப்பத்துக்கு இடமில்லை. சுற்றுச்சூழல் ஆய்வில் மக்களின் தகவலுக்கு இடமுண்டு, விருப்பத்துக்கு இல்லை. விருப்பத்துக்கு உரிய இடம் மாநிலத்தில் இருக்கிறது.

சட்டமன்றத்தில் ஆதரவு எடை பெற்ற விதம்

1981-இல் டயாப்லோ கேன்யன் திறக்கப்படவிருந்தபோது வாயிலை மறித்த போராட்டத்தில் ஏறத்தாழ 1,900 பேர் கைதானார்கள். கட்டுமானம் தொடங்கிய பிறகு அருகே கடலுக்கடியில் ஹாஸ்க்ரி என்ற நிலப்பிளவு கண்டறியப்பட்டு, நிலநடுக்கத்தைத் தாங்கும்படி நிலையத்தை வலுப்படுத்த வேண்டியிருந்ததே போராடியவர்களின் அச்சத்துக்கு அடித்தளம். உலைகள் 1985-இலும் 1986-இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இரண்டும் சேர்ந்து சுமார் 2,200 மெகாவாட். கலிஃபோர்னியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் அது கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு.

அதே நிறுவனம் 2009-இலேயே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தது. 2016-இல் தொழிற்சங்கங்களோடும் சூழலியல் அமைப்புகளோடும் உடன்பாடு செய்துகொண்டு, உரிமக் காலம் முடிந்ததும் மூடிவிடலாம் என்று முடிவெடுத்தது. மூடுவதென்று ஆனதும் ஊரின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. மாவட்ட நிர்வாகமும் பள்ளிகளும் நிலையம் செலுத்தும் சொத்து வரியை நம்பியிருந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய 8.5 கோடி டாலர் தரலாம் என்ற உடன்பாட்டை மாநில ஒழுங்குமுறை அமைப்பு 2018 ஜனவரியில் நிராகரித்தது. மின்நுகர்வோரின் கட்டணத்திலிருந்து அதை எடுக்கச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது காரணம். ஊர் சட்டமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு அந்தத் தொகை மீட்கப்பட்டது. ஊரின் குரல் எந்த இடத்தில் ஒலித்தால் பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2020 ஆகஸ்டில் கடும் வெப்ப அலை வீசியபோது கலிஃபோர்னியாவில் சுழற்சி முறையில் மின்வெட்டு அமலானது. மாலையில் சூரியன் சாய்ந்து சூரிய மின்சாரம் குறையும் நேரத்தில் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. இரவு பகலாக ஒரே அளவில் ஓடும் நிலையத்தை மூடுவது சரியா என்ற கேள்வி அதன் பிறகு வலுப்பெற்றது. நிலையத்தில் வேலை செய்யும் இரு பெண்கள் 2016-இல் தொடங்கிய 'மதர்ஸ் ஃபார் நியூக்ளியர்' போன்ற ஆதரவு அமைப்புகள் ஏற்கெனவே பேசி வந்தன. ஒரே ஊரில் தாய்மார்களின் பெயரால் ஆதரவுக்கு ஓர் அமைப்பும் எதிர்ப்புக்கு ஓர் அமைப்பும் இருப்பதை நான் முரணாகக் காணவில்லை. இரு தரப்பும் பிள்ளைகளின் எதிர்காலத்தையே முன்வைக்கின்றன. ஒரு தரப்பு கதிரியக்கத்தை அஞ்சுகிறது, மறு தரப்பு புவி வெப்பமடைவதை அஞ்சுகிறது.

2022 செப்டம்பரில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் பெரும்பான்மையோடு ஒரு சட்டத்தை நிறைவேற்றின. முதல் உலையை 2029 அக்டோபர் வரையிலும் இரண்டாம் உலையை 2030 அக்டோபர் வரையிலும் ஓட்ட அது வழி திறந்தது. நிறுவனத்துக்கு 140 கோடி டாலர் வரை கடன் அளிக்கவும் அது ஏற்பாடு செய்தது. இதுதான் பெர்மிட். இது கிடைத்த பிறகே எஃப்.சி. கேட்டு நிறுவனம் ஆணையத்திடம் சென்றது.

அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. உரிமம் முடிவதற்கு ஐந்து ஆண்டு முன்னதாக விண்ணப்பித்தால், ஆய்வு முடியும் வரை பழைய உரிமமே செல்லும் என்பது அப்போதைய விதி. டயாப்லோ கேன்யனுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. 2023-இன் இறுதிக்குள் விண்ணப்பித்தால் போதும் என்று ஆணையம் விதிவிலக்கு அளித்தது. உரிமத் தேதி கடந்த பிறகும் உலைகள் சட்டப்படி ஓடியதற்குக் காரணம் இந்த விதிதான். இதைத் திருட்டுத்தனமாக ஓட்டுவதாகப் பேசுவது பிழை. ஆனால் மற்றவர்களுக்கு உள்ள கெடுவை ஒருவருக்குத் தளர்த்தியது சரியா என்ற விவாதம் நியாயமானதே.

ஆதரவு எதிலிருந்து பிறக்கிறது? யாருடைய ஆதரவு?

அணுமின் நிலையத்துக்கு அருகில் வாழ்பவர்கள் அதிகம் அஞ்சுவார்கள் என்று தொலைவில் இருந்து நினைக்கிறோம். நிலையத்தை ஏற்றிருக்கும் ஊர்களில் பல வேளைகளில் இதற்கு மாறான நிலையைக் காணலாம். வரியும் வேலையும் காரணம் என்பது வெளிப்படை. அதோடு, பக்கத்து வீட்டுக்காரர் அங்கே கட்டுப்பாட்டு அறையில் பணிபுரிகிறார், அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்ற அறிமுகமும் சேர்கிறது. மனிதர்களைத் தெரிந்தால் நிறுவனத்தின் மேலும் நம்பிக்கை வருகிறது. இந்த நம்பிக்கை பொய்யானதல்ல. அதே நேரத்தில் அது பாதுகாப்புக்கான அளவுகோலும் அல்ல. ஊழியர்களின் நேர்மையை ஊர் அறியும், எஃகின் உள்நிலையை ஊர் அறியாது.

மேலும் "சமூகம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல கூட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. டயாப்லோ கேன்யனின் வரி வருவாய் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்துக்குச் சேர்கிறது. ஆனால் நீட்டித்த ஆண்டுகளின் செலவை, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் அல்லாத தெற்குக் கலிஃபோர்னியாவின் மின்நுகர்வோரும் தம் கட்டணத்தில் பகிர்ந்துகொள்ளும்படி 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அமைந்திருக்கிறது. நிலையத்தைச் சூழ்ந்த பல்லாயிரம் ஏக்கர் நிலத்தைத் தம் முன்னோரின் மண்ணாகக் கருதும் சூமாஷ் பழங்குடியினரின் அக்கறையோ வேறு. அந்த நிலம் இறுதியில் யாரிடம் சேரும் என்பதே அவர்கள் கேள்வி. ஆகவே "சமூகம் ஆதரிக்கிறது" என்ற செய்தியைப் படித்தால், பயன் பெறும் சமூகமா, செலவைச் சுமக்கும் சமூகமா, நிலத்துக்கு உரிமை கோரும் சமூகமா என்று கேட்பது நல்லது.

எஃப்.சி. இருந்தும் ஓடாத பேருந்து

வெர்மான்ட் யாங்கி நிலையத்தின் கதையை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். அது வெர்மான்ட் மாநிலத்தின் வெர்னான் என்ற சிற்றூரில் இருந்தது. ஊருக்கு அது முதன்மையான வரிச் செலுத்துநர். ஆனால் மாநிலம் அதை விரும்பவில்லை. நிலத்தடியில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கசிந்தது 2010 ஜனவரியில் தெரியவந்ததும், அடுத்த மாதமே மாநில மேலவை 26-க்கு 4 என்ற வாக்கில் அதைத் தொடர அனுமதிக்க மறுத்தது. ஆணையமோ 2011 மார்ச் 21 அன்று, ஃபுகுஷிமா விபத்து தொடங்கிய பத்தாம் நாளில், இருபது ஆண்டு புதுப்பிப்பை வழங்கியது.

வெர்மான்ட் யாங்கியை நடத்திய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மாநிலச் சட்டத்தின் உண்மையான நோக்கம் கதிரியக்கப் பாதுகாப்பு என்று நீதிமன்றம் கண்டு, அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று தீர்ப்பளித்தது. 1983-இல் கலிஃபோர்னியாவின் சட்டம் நின்றதற்கும் வெர்மான்டின் சட்டம் விழுந்ததற்கும் வேறுபாடு இதுவே: காரணம் பொருளாதாரமா, பாதுகாப்பா என்பது. நிறுவனம் வென்றது. உரிமம் கையில் இருந்தது. ஆனாலும் 2014 டிசம்பரில் நிலையம் மூடப்பட்டது. இயற்கை எரிவாயு மலிவானதால் மின்சாரத்தின் சந்தை விலை சரிந்து, நிலையத்தை ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. எஃப்.சி. செல்லுபடியாக இருந்தது, கலெக்‌ஷன் இல்லாததால் பேருந்து நின்றுவிட்டது. மாநிலத்தின் எதிர்ப்பாலும் மூட முடியவில்லை, ஊரின் ஆதரவாலும் காப்பாற்ற முடியவில்லை. விஸ்கான்சினின் கீவானீ நிலையமும் 2011-இல் புதுப்பிக்கப்பட்டு, இதே காரணத்தால் 2013-இல் மூடப்பட்டது.

மீண்டும் கலிஃபோர்னியாவுக்கு

டயாப்லோ கேன்யனுக்கு ஆணையத்தின் உரிமம் மட்டும் போதாது. கடற்கரையைப் பாதிக்கும் திட்டம் என்பதால் மாநிலக் கடற்கரை ஆணையத்தின் இசைவும், நீர்த்தர வாரியத்தின் சான்றும் தேவை. மின்சாரம் தேவையா என்று கேட்காத கூட்டாட்சி ஆணையத்தில் எடுபடாத பேச்சுகள் பல, கடற்கரை ஆணையத்தின் முன் நேரடியாகப் பயன்பட்டன. கடலுயிர்களுக்கு நேரும் இழப்புக்கு என்ன ஈடு என்று அங்கே பேரம் பேச முடிந்தது. 2025 டிசம்பரில் கடற்கரை ஆணையம், நிலையத்தைச் சூழ்ந்த நிலத்தின் கணிசமான பகுதியைப் பாதுகாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைவளித்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆண்டுக்கணக்கில் பேசியதன் தடயத்தை அந்த நிபந்தனையில் காண்கிறேன்.

இனி ஒரு முரண்பாடு மட்டும் எஞ்சியிருக்கிறது. நிறுவனம் கூட்டாட்சி ஆணையத்திடம் கேட்டது இருபது ஆண்டு. மாநிலச் சட்டம் அனுமதிப்பது 2029, 2030 வரை மட்டும். இருபது ஆண்டு உரிமம் கையில் இருந்தாலும், அந்தத் தேதிகளைத் தாண்டி ஒரு நாள் ஓட்ட வேண்டுமென்றாலும் மாநிலச் சட்டம் மாற வேண்டும். ஆகவே அந்த வட்டாரத்து ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் அடுத்து வாதாட வேண்டிய இடம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உள்ள சட்டமன்றம். அதற்கான காலம் இப்போதே ஓடத் தொடங்கிவிட்டது, ஏனெனில் எரிபொருளுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர்களைத் தக்கவைக்க வேண்டும், மூடுவதென்றால் அதற்கு ஈடான மின்சாரத்தைத் தேட வேண்டும்.